27 எழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள்: கோதிக் எழுத்துரு வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய எழுத்துமுறைகளுக்கு எழுத்துரு செய்யும் நண்பர்களே, வணக்கம்.

நான்காம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா விவிலியத்தைத் தம் மக்கள் மொழியில் தருவதற்காக உருவாக்கிய கோதிக் எழுத்தைப் பற்றி எழுதுகிறேன். பழைய ஜெர்மன் அச்சு நூல்களின் தடித்த எழுத்தையும் கோதிக் என்பார்கள், அது வேறு. கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யூனிகோட் 2001-இல் வுல்ஃபிலாவின் எழுத்துக்கு 27 இடங்கள் ஒதுக்கியது. பல எழுத்துருக்கள் அந்த 27 வடிவங்களோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அது பாதி வேலையாகத்தான் படுகிறது.

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும், கோதிக் விவிலியப் பிரதியான வெள்ளிச் சுவடியின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில், ஊதாச் சாயமேற்றிய தோலில் வெள்ளி, பொன் மைகளால் எழுதியது. மாற்கு நற்செய்தியின் முதல் வரியிலேயே இயேசு, கிறிஸ்து, கடவுள் என்ற பெயர்கள் முழுதாக இல்லை. முதலிலும் கடைசியிலும் உள்ள சில எழுத்துகளை மட்டும் எழுதி, மேலே ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். எண்களை எழுதுவதும் எழுத்துகளால்தான். அங்கேயும் மேற்கோட்டையோ இருபுறப் புள்ளிகளையோ பார்த்துத்தான் எண் என்று புரிந்துகொள்கிறோம். சொல்லின் தொடக்கத்தில் வரும் இகரத்துக்குத் தலையில் இரண்டு புள்ளி வேறு.

இந்தக் கோடும் புள்ளியும் உங்கள் எழுத்துருவில் இல்லையென்றால், மென்பொருள் அவற்றை வேறோர் எழுத்துருவிலிருந்து இரவல் வாங்குகிறது. அப்புறம் கோடு எழுத்தின் மேல் உட்காராமல் பக்கத்தில் சரிந்து நிற்கும், இல்லையென்றால் தலையை வெட்டிக்கொண்டு போகும். இரண்டு எழுத்துக்கும் சேர்த்து ஓட வேண்டிய கோடு நடுவில் அறுந்துவிடும். கோதிக் மூலப்பாடத்தைப் பதிப்பிப்பவர் அதைப் படமாக ஒட்ட வேண்டியதாகிறது. படத்துக்குள் சொல் தேட முடியுமா?

இன்னொன்று, ‘ஸ்’ ஒலிக்கான எழுத்து. வெள்ளிச் சுவடியில் அது லத்தீன் S எழுத்தைப் போல வளைந்திருக்கும். கிரிமியாவின் மங்குப் மலைக் கல்லில் கீறப்பட்டு, 2015-இல் படித்தறியப்பட்ட வரிகளிலோ அது கிரேக்க சிக்மாவைப் (Σ) போல இருக்கிறது. யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே இடம்தான். அதனால் ஓபன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு முறை அனுமதிக்கும் மாற்று வடிவமாக இரண்டையும் தாருங்கள்.

முடிந்தால் திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள். அதற்கு முன், மாற்குவின் அந்த முதல் பக்கத்தை உங்கள் எழுத்துருவில் தட்டச்சு செய்து, சுவடிப் படத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். சோதித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், நான் தயார்.

அன்புடன்,
கோதிக் படிக்கும் ஒரு வாசகர்