இன்டர்செப்டரை வெட்டுவதற்கு முன்

தாம்பரம்
16 நவம்பர் 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மீதியைப் படிக்கவே மனசு வந்தது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் கல்லூரியில் கடைசி வருஷம், சின்னவன் பத்தாவது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் நேற்றுதான் வடிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2019-ல் வாங்கிய உன் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்கை, மட்கார்டை வெட்டி ஒற்றை சீட்டு போட்ட 'பாபர்' வண்டியாக மாற்றித் தரக் கோவைப் பட்டறையில் 1,60,000 ரூபாய் கேட்கிறார்கள், அதற்குப் பதில் வண்டியைக் கொடுத்துவிட்டு, அந்தத் தோற்றத்தில் அதே கம்பெனி செய்கிற ஷாட்கன் 650 எடுத்துவிடலாமா என்று எழுதியிருக்கிறாய். மூன்று நாளாக இதே யோசனைதான் எனக்கு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷாட்கன் மேல் ஆசை இருந்தால் ஷாட்கனையே வாங்கு. இன்டர்செப்டரை வெட்டி ஷாட்கன் ஆக்கப் பார்க்காதே.

என் பழைய 350 சி.சி. வண்டியை நீ போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாய். பார்ப்பதற்கு அது அவ்வளவு அழகு. பின் மட்கார்டைப் பாதியாக வெட்டி, நீள சீட்டை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டு போட்டு, பின்னால் ஒருவர் உட்கார ஒரு சின்ன மெத்தை வைத்து, ஹேண்டிலை உயர்த்தி, குட்டி டெயில் லைட் மாட்டினேன். உதிரிபாகங்களுக்காகப் புதுப்பேட்டைக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் நாலு மாசம் அலைந்தேன். மொத்தம் 62,000 ரூபாய் ஆனது. செய்தது ஒரு பட்டறைக்காரர். வெல்டிங்கில் நல்ல கை, அதில் குறை சொல்ல முடியாது.

ஒரு ஐப்பசி மாசம் மைத்துனனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பினேன். உளுந்தூர்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், ராத்திரி எட்டு மணி இருக்கும், தூறல் வேறு. பக்கத்தில் வந்த பையன் ஒருவன், "அண்ணே, பின்னாடி லைட்டே எரியல" என்று கத்திவிட்டுப் போனான். எங்களுக்குப் பின்னால் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். மைத்துனன் செல்போன் வெளிச்சம் காட்ட, நான் மட்கார்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன். விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது, இன்சுலேஷன் டேப் உருகிக் கோந்தாகியிருந்தது. ஒரிஜினல் வயரை நடுவில் வெட்டி, புது வயரோடு முறுக்கி, டேப் சுற்றி, மட்கார்டின் அடிப்பக்கமாகவே கொண்டுபோயிருந்தார்கள். ஆள் உட்கார்ந்து ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும் போதெல்லாம் டயர் மேலே வந்து அந்த வயரை உரசியிருக்கிறது. தோல் உரிந்து, செம்புக் கம்பி விரல்நீளத்துக்குப் பளபளவென்று தெரிந்தது. எத்தனை நாளாக பிரேக் லைட்டும் எரியாமல் ஓட்டினேனோ, தெரியாது. அன்று அந்தப் பையன் சொல்லாமல் போயிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

கம்பெனி மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி நம் கண்ணுக்கு வீண் இடமாகத் தெரிகிறது. இரண்டு பேரும் சாமானும் ஏறி, ஷாக் அப்சார்பர் கடைசி வரை அமுங்கினாலும் டயர் எதையும் தொடக்கூடாது என்றுதான் அத்தனை இடம் விட்டிருக்கிறார்கள். பாபர் தோற்றத்துக்காக நாம் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான்.

மற்றதும் இதே கதைதான். பின்பக்கத்தைத் தாழ்த்தினால் முன் ஃபோர்க் இன்னும் சாய்ந்துகொள்கிறது. நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. போடிமெட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவையும் அந்த வண்டியில் ஏறிப் பார், ஒவ்வொன்றிலும் ஹேண்டிலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உயரமான ஹேண்டில் போட்டுவிட்டுப் பழைய கேபிளையே வைத்தால், கடைசி வரை திருப்பும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டு எஞ்சின் தானாக ரேஸ் ஆகும். பின் சக்கரத்தின் அளவை மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். சென்சார் வேறு கணக்குப் போடும். சைலன்சரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சத்தத்துக்காக மாட்டுகிற குழாயில் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்காது, புகைப் பரிசோதனையில் மாட்டும், போலீஸிலும் மாட்டும்.

சட்டத்தையும் பார்த்துவிடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதைப் பற்றித்தான். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே என்று இருக்கிறது. அபராதத்தைக் கட்டிவிடலாம். எனக்குப் பயம் இன்ஷூரன்ஸில்தான். எதிரில் வருகிறவன் மேல் தப்பு இருந்தாலும், சேஸிஸ் வெட்டிய வண்டி என்று ஒரு வரி ரிப்போர்ட்டில் ஏறிவிட்டால், உனக்கு வர வேண்டிய பணத்துக்கு நீ நடையாய் நடக்க வேண்டும்.

வண்டியை விற்கும்போது நடந்ததையும் சொல்கிறேன். வந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "ஒரிஜினல் சீட்டு, மட்கார்டு இருக்கா?" என்பதுதான். சீட்டு பரண் மேல் இருந்தது. மட்கார்டை வெட்டியாயிற்றே, எங்கே போவது. நான் போட்ட 62,000-ல் ஒரு ரூபாய்கூட விலையில் ஏறவில்லை, இறங்கத்தான் இறங்கியது.

ஆனால் கம்பெனியே செய்து கொடுக்கிற கஸ்டம் எல்லாம் வெறும் வியாபாரம் என்று உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் ஆட்கள் ஹார்லி-டேவிட்சன் பைக்கை வீட்டுக் கொட்டகையில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அந்தக் கம்பெனியின் வடிவமைப்பாளர் வில்லி ஜி. டேவிட்சன் 1971-ல் சூப்பர் கிளைட் என்ற வண்டியைக் கொண்டுவந்தார். பெரிய வண்டியின் சேஸிஸில் ஸ்போர்ட்ஸ்டர் என்ற சின்ன ஹார்லியின் மெல்லிய முன்பக்கத்தைச் சேர்த்த வண்டி அது. ஓட்டுகிறவர்களின் ஆசையைக் கம்பெனி காது கொடுத்துக் கேட்டது, அது பெரிய விஷயம். 1999-லிருந்து ஹார்லி சி.வி.ஓ. என்று தனிப் பிரிவே வைத்து, குறைந்த எண்ணிக்கையில், கூடுதல் விலைக்கு அப்படி வண்டிகளைச் செய்கிறது.

நம் ஊரிலும் அதேதான். 2021 நவம்பரில் மிலான் கண்காட்சியில் ராயல் என்ஃபீல்டு ஒரு மாதிரி வண்டியைக் காட்டியது, அதுதான் பிறகு ஷாட்கன் ஆனது. 2023 நவம்பரில் கோவாவில் கையால் பெயின்ட் அடித்த 25 வண்டிகளை மட்டும் 4,25,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில், 2024 ஜனவரியில், சாதாரண ஷாட்கன் 3,59,000-க்கு வந்தது. எஞ்சின் ஒன்று, சேஸிஸ் ஒன்று. நடுவில் இருக்கிற 66,000 அந்தப் பெயின்டுக்கும், இருபத்தைந்தில் ஒன்று என்ற பெயருக்கும். பெயின்டுக்கு அவ்வளவா என்று கேட்காதே. பாலிடெக்னிக் படிக்கிற காலத்தில் திருவொற்றியூர் ஃபாக்டரியிலிருந்து வெளியே வரும் புல்லட்டுகளின் டாங்கில் தங்கக் கோடு பார்த்து நின்றோமே, அது மெஷின் போட்ட கோடு இல்லை. பிரஷ்ஷை விரலிடுக்கில் பிடித்து, ஒரே மூச்சில் ஒரு மனுஷன் இழுத்த கோடு. ஃபாக்டரி வண்டியிலும் கைவேலை உண்டு என்று அன்றைக்கே பார்த்துவிட்டோம்.

போன மாசம் எங்கள் ஆபீஸ் நண்பரின் ஷாட்கனைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஓட்டினேன். உன் வண்டியில் இருக்கிற அதே 648 சி.சி. இரட்டை சிலிண்டர் எஞ்சின், அதே 47 குதிரைத்திறன். எனக்குப் பிடித்தது பின் சீட்டு விஷயம்தான். பின் சீட்டைத் தனியாகக் கழற்றி எடுத்துவிடலாம், எடுத்தால் ஒற்றை சீட்டு பாபர், மாட்டினால் இரண்டு பேர் போகிற வண்டி. இதற்காக எதையும் வெட்ட வேண்டாம், டெயில் லைட் வயர் இருந்த இடத்திலேயே இருக்கும். நான் மட்கார்டை வெட்டி அடைந்ததை அவர்கள் நாலைந்து போல்ட்டில் கொடுத்துவிட்டார்கள். குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன், ஒரு வயர்கூடத் தொங்கவில்லை. அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர். உன் ஸ்போக் சக்கரத்தில் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் டியூப் பஞ்சராகி மூன்று மணி நேரம் வெயிலில் நின்றாயே, அந்தத் தொல்லை இதில் இல்லை.

பிடிக்காததையும் எழுத வேண்டும். வண்டி 240 கிலோ, உன்னுடையதைவிட இருபது கிலோவுக்கு மேல் அதிகம். மணல் தரையில் பின்னால் தள்ளும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அடிப்பக்க உயரம் 140 மில்லிமீட்டர்தான். உன் இன்டர்செப்டருக்கு 174. சிட்டிக்குள் இது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உங்கள் பக்கம் ஊருக்கு ஊர் கரும்பு லோடு வேகத்தைக் குறைக்கவென்று போட்டிருக்கிறார்களே, அந்தக் குட்டிச்சுவர் மாதிரி ஸ்பீட் பிரேக்கர், அங்கே இரண்டு பேரோடு அடி தட்டும் என்று நினைக்கிறேன். பின் ஷாக்கும் கொஞ்சம் கடினம். பள்ளத்தில் இறங்கினால் முதுகில் ஏறுகிறது. தங்கச்சிக்கு இடுப்பு வலி என்று போன வருஷமே சொன்னாய்.

விலையும் இப்போது ஏறிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு மேலே உள்ள வண்டிகளுக்கு வரி 31-லிருந்து 40 சதவீதம். 350-க்கும் அதற்குக் கீழும் 28-லிருந்து 18. அதனால் ஷாட்கன் ரோட்டுக்கு வரும்போது நாலு லட்சத்தைத் தாராளமாகத் தாண்டும். இன்டர்செப்டருக்கு உனக்குச் சொன்ன 1,75,000-ஐக் கழித்தாலும் கைக்காசு நிறைய போக வேண்டும். பெண்ணுக்கு அடுத்த வருஷம் காலேஜ் ஃபீஸ் இருக்கிறது என்பதையும் நீயேதான் எழுதியிருக்கிறாய்.

அதனால் நான் உன் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். 1,60,000-ல் கால்பங்கைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, உடம்பு தொடுகிற இடங்களை மட்டும் சரிசெய்வேன். முதலில் சீட்டு. மேல் உறையைப் பிரித்து, தங்கச்சி உட்கார்கிற பாதியில் ஃபோமை மாற்றி அகலப்படுத்தித் தைக்கச் சொல். பேஸ் தகட்டில் கை வைக்க வேண்டாம், பழைய ஃபோமைத் தூக்கியும் போட வேண்டாம். அப்புறம் பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு பேக்ரெஸ்ட். சக்கரத்துக்கு, கம்பெனி அலாய் உன் வண்டிக்குப் பொருந்துமா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஷோரூமில் கேள். பொருந்தும் என்றால் அதுதான் நீ செய்கிற நல்ல செலவு. ஆர்.சி.யில் ஏற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் அதையும் கேட்டுக்கொண்டே செய். மற்றபடி சேஸிஸ், வயரிங், சைலன்சர் மூன்றையும் யாரையும் தொட விடாதே.

இத்தனைக்குப் பிறகும் ராத்திரி கண்ணை மூடினால் ஷாட்கன்தான் வருகிறது என்றால், அதுவும் நியாயமான ஆசைதான் மாப்ளே. இருபத்தைந்து வருஷம் குடும்பத்துக்காகவே வண்டி ஓட்டியவன் நீ. அப்போது இன்டர்செப்டரை ஒரு ஸ்குரூகூட மாற்றாமல் நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு, ஃபீஸ் கட்டி முடித்த பிறகு எடு. அதுவரை எந்தப் பட்டறைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

மார்கழி பிறப்பதற்குள் இரண்டு பேரும் இங்கே ஒரு நடை வாருங்கள். நண்பரிடம் கேட்டுவிட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தருகிறேன் என்றார். கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு டெஸ்ட் ரைடு போனால் ஒன்றும் தெரியாது. தங்கச்சியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மாமல்லபுரம் வரை போய்த் திரும்பி வா. வந்து இறங்கியதும் முதலில் தங்கச்சியிடம் கேட்போம். ஹெல்மெட் என்னிடம் இரண்டு இருக்கிறது, நீங்கள் கொண்டுவர வேண்டாம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்