சாக்டா சபையின் சமையல்கட்டுக்கு ஒரு கூரை வேண்டும்

கர்த்தருக்குள் அன்பான சபைக் குடும்பங்களுக்கும், ஆராதனைக்கு வராவிட்டாலும் கிறிஸ்துமஸ் பிரியாணிக்குத் தவறாமல் வரும் நண்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஹோச்சாடவுனுக்குப் போகாத டாலஸ் தமிழர் யார்? மூன்று மணி நேர ஓட்டம், பைன் காடு, ஏரி, கேபின், முற்றத்தில் பார்பிக்யூ அடுப்பு. போகிற வழியில் பாரிஸ் என்ற டெக்சாஸ் ஊரில், சிவப்புத் தொப்பி போட்ட குட்டி ஈஃபிள் கோபுரத்துக்கு முன்னால் ஒரு ஃபோட்டோ. அப்புறம் ரெட் ரிவர் பாலம். பாலத்தைத் தாண்டினால் ஓக்லஹோமா, சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நாடு. ஹோச்சாடவுனே முதலில் ஒரு சாக்டா ஊர்தான். பழைய ஊர் இப்போது நாம் படகு விடுகிற ஏரிக்கு அடியில் கிடக்கிறது.

ஹோச்சாடவுன் இருக்கிற மெக்கர்ட்டன் கவுண்டியில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில், முப்பது நாற்பது பேர் கூடுகிற ஒரு சிறிய சபை இருக்கிறது. போன ஏப்ரலில் அடித்த காற்று ஆலயத்தைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த சமையல் கொட்டகையின் தகரக் கூரையைத்தான் மடக்கிக் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தில் போட்டது. மழையில் சுவர்ப் பலகைகள் ஊறி உப்பிவிட்டன, மின்சாரக் கம்பிகள் வீணாய்ப் போயின. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, பாலிசி ஆலயக் கட்டடத்துக்கு மட்டும்தான், கொட்டகைக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கொட்டகையைத் திரும்பக் கட்டத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

இவர்களுக்கும் நமக்கும் பழக்கம் வந்தது ஒரு பஞ்சரால். நான்கு வருடம் முன்பு நம் குடும்பம் ஒன்று மழையில் அந்தப் பாதையோரம் டயர் வெடித்து நின்றது. பின்னால் வந்த மஞ்சள் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இறங்கி, நனைந்துகொண்டே டயரை மாற்றிக் கொடுத்தார். பிள்ளைகள் பசியில் அழுவதைப் பார்த்துவிட்டு, "ஐந்து நிமிஷம்தான், வாங்க" என்று அழைத்துப்போனது அந்தக் கொட்டகைக்கு. அங்கே சுடச்சுட பனாஹா கொடுத்தார்கள். மக்காச்சோள மாவைப் பிசைந்து, சோளத்தோகையில் சுற்றிக் கட்டி, தண்ணீரில் வேகவைப்பது. திருநெல்வேலிப் பக்கத்து ஓலைக்கொழுக்கட்டையில் வெல்லத்தை எடுத்துவிட்டால் ஏறக்குறைய அதுதான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது, பேருந்து ஓட்டுநர்தான் அந்தச் சபையின் போதகர் என்று.

அவரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் அங்கே மிஷனரிகளாக வந்து 11 வருடம் ஆகிறது. சபையால் சம்பளம் கொடுக்க முடியாது. அதனால் காலையும் மாலையும் பேருந்து ஓட்டுகிறார், அம்மா ஒரு கிளினிக்கில் பகுதிநேர வேலை பார்க்கிறார். சபையாரில் பாதிப்பேர் கோழி ஆலையிலோ மரம் வெட்டும் வேலையிலோ இருப்பவர்கள். ஷிஃப்ட் மாறி மாறி வரும், அதனால் வேத பாட வகுப்பு எந்த நேரத்தில் நடக்கும் என்று வாரா வாரம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஃபோன் வந்தால் டாலிஹினா ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் போக வேண்டும். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பள்ளி நோட்டு தொங்குகிறது. கிழவிகள் சொல்லும் சாக்டா வார்த்தைகளை அம்மா அதில் எழுதி வைக்கிறார். எந்தக் கிழவி எந்த வார்த்தையைச் சொன்னார் என்பதும் ஓரத்தில் இருக்கிறது, ஏனென்றால் மறுநாள் இன்னொரு கிழவி "அப்படி இல்லை" என்பார்.

வந்த புதிதில் போதகர் ஐயா ஒரு கோப்பு நிறையத் திட்டத்தோடு வந்தாராம். இளைஞர் முகாம், கிட்டார் குழு, இன்னும் என்னென்னவோ. மூத்த அம்மா ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெளியே கிடந்த பெரிய இரும்புக் கெட்டிலைக் காட்டி, "முதலில் இதைக் கழுவு" என்றாராம். மூன்று மாதம் அவருக்குப் பிரதான ஊழியம் அதுதான். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார்.

எங்களுக்கும் அப்படி ஒரு பாடம் கிடைத்தது. இரண்டு வருடம் முன்பு நாம் எல்லோரும் சேர்ந்து அந்தச் சபைக்கு ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தோம், நினைவிருக்கும். யாரையும் கேட்கவில்லை. சர்ச் என்றால் கீபோர்டு வேண்டாமா என்று நாமே முடிவு செய்துவிட்டோம். அவர்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டு "யகோகே" என்று நன்றி சொன்னார்கள். ஆனால் அவர்கள் ஆராதனையில் வாத்தியமே கிடையாது. ஒருவர் பாட்டின் எண்ணைச் சொல்வார், ஒருவர் முதல் அடியை எடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். கீபோர்டு இன்றும் மூலையில், பூப்போட்ட துணி மூடி, பத்திரமாக இருக்கிறது. கமிட்டி சார்பில் இந்தத் தவற்றை ஒப்புக்கொள்கிறோம். இந்தத் தடவை என்ன வேண்டும் என்று கேட்டோம். சமையல்கட்டு என்றார்கள்.

ஏன் சமையல்கட்டு என்பது எங்களுக்குப் புரிந்தது காற்று அடிப்பதற்கு முந்தைய ஜனவரியில், ஒரு பெரியவரின் அடக்கத்துக்குப் போனபோது. எங்களில் நான்கு பேர் போயிருந்தோம். அடக்கத்துக்கு முந்தின இரவு முழுவதும் உடலைத் தனியே விடுவதில்லை. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பாடுகிறார்கள். பாட்டுப் புத்தகம் சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவு, ராகக் குறிப்பு எதுவும் கிடையாது, வார்த்தைகள் மட்டும். நம் வீட்டுப் பழைய பாமாலை போலத்தான், ராகம் பாட்டியிடமிருந்து வர வேண்டும். நடுராத்திரியில் எல்லோரும் எழுந்து கொட்டகைக்குப் போனோம். வெளியே இரும்புக் கெட்டிலில் டாஞ்சி லபோனா கொதித்துக்கொண்டிருந்தது. உடைத்த சோளமும் பன்றிக்கறியும் மணிக்கணக்காக வெந்த கஞ்சி. இறந்தவரின் பேரன் ஒரு நீளக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தான். யாரும் அவனிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் போய் நின்றார்கள், கொஞ்ச நேரம் கரண்டியை வாங்கிக்கொண்டார்கள், அப்புறம் அடுத்தவர். விடியும்வரை பாட்டும் சாப்பாடும் மாறி மாறி நடந்தன. அந்த ஏப்ரலுக்குப் பிறகு அந்தச் சபையில் மூன்று அடக்கங்கள் நடந்துவிட்டன. மூன்றுக்கும் சமையல் தார்ப்பாய்க்கு அடியில்.

முன்பெல்லாம் சாக்டா ஆலயங்களைச் சுற்றி ஒவ்வொரு குடும்பமும் ஒரு சின்னக் குடில் போட்டிருக்கும். மாட்டுவண்டியில் வந்து இரண்டு மூன்று நாள் தங்கி, ஆராதித்து, வந்தவர் யாரானாலும் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். அந்தக் குடில்களில் மிஞ்சியதுதான் இந்தக் கொட்டகை.

இவர்களை "மிஷன் களம்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அது ஏன் என்று கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் விளங்கும். 1810-ல் பாஸ்டனை மையமாகக் கொண்டு அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரிச் சங்கம் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கும் மதுரைக்காரர்களுக்கும் அது சொல்லாமலே தெரியும். 1816-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்கள் அவர்கள்தான். வட்டுக்கோட்டை செமினரி, உடுவில் பெண்கள் பள்ளி, 1834-லிருந்து மதுரை மிஷன், பிறகு அமெரிக்கன் கல்லூரி எல்லாம் அந்த வழியில் வந்தவை. யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பிய இரண்டே வருடத்தில், 1818-ல், அதே சங்கம் சைரஸ் கிங்ஸ்பரியை மிசிசிப்பியில் இருந்த சாக்டா மக்களிடம் அனுப்பியது. எலியட் என்ற மிஷன் அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரே காணிக்கைப் பெட்டியிலிருந்து இரண்டு பக்கமும் பணம் போயிருக்கிறது.

அகராதிகளைப் பாருங்கள். மிரன் வின்ஸ்லோ ஐயர் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருந்து தமிழ்-ஆங்கில அகராதியை 1862-ல் வெளியிட்டார். அதே சங்கத்தின் சைரஸ் பையிங்டன் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சாக்டா மொழியோடு மல்லுக்கட்டினார். இலக்கணத்தை ஏழாவது முறை திருத்திக்கொண்டிருந்த நிலையில் 1868-ல் இறந்துபோனார். அவருடைய அகராதி அச்சானது 1915-ல்தான். பையிங்டனும் ஆல்ஃபிரட் ரைட்டும் உழைத்த சாக்டா பாட்டுப் புத்தகம் 1829-லேயே வந்துவிட்டது, புதிய ஏற்பாடு 1848-ல் வந்தது. அந்த எழுத்துமுறையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கில 'வி' போலத் தெரியும் எழுத்தை நம் 'அ' மாதிரி வாசிக்க வேண்டும். நம் பையன் ஒருவன் 'மேலே, பரலோகம்' என்று பொருள்படும் 'அபா' என்ற சொல்லை 'வ்பா' என்று திக்கித் திக்கி வாசிக்க, பக்கத்திலிருந்த பாட்டி தோள் குலுங்கச் சிரித்தார்.

இது இனிமையான கதை மட்டும் இல்லை. 1830-ல் டான்ஸிங் ராபிட் கிரீக் ஒப்பந்தத்தால் மிசிசிப்பி நிலம் பறிபோனது. 1831 குளிர்காலம் தொடங்கி அந்த மக்களை மேற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள். பனியிலும் காலராவிலும் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். மிஷனரிகளில் சிலர் கூடவே வந்தார்கள். ஆல்ஃபிரட் ரைட் 1832-ல் வீலாக் மிஷனைத் தொடங்கினார். மில்லர்டன் அருகே 1846-ல் முடிந்த அதன் கல் ஆலயம்தான் ஓக்லஹோமாவில் இன்று நிற்கும் ஆலயங்களிலேயே பழையது. ரைட்டின் கல்லறையும் அங்கேதான். அதே மிஷன் வட்டாரங்களில் அடிமைகளின் உழைப்பும் இருந்தது. அந்தத் தகராறில் அமெரிக்கன் போர்டு 1859-ல் சாக்டா ஊழியத்தைக் கைவிட்டது. பிற்காலத்தில் விடுதிப் பள்ளிகள் பிள்ளைகளின் வாயிலிருந்து தாய்மொழியைப் பிடுங்கிய கதையும் உண்டு. இதையெல்லாம் தாண்டி மொழியைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அந்தச் சட்டைப்பைப் பாட்டுப் புத்தகம்தான் என்பது எங்கள் எண்ணம். 'ஓக்லஹோமா' என்ற பெயரைக் கொடுத்தவரும் ஒரு சாக்டா போதகர்தான், ஆலன் ரைட். ஓக்லா என்றால் மக்கள், ஹும்மா என்றால் சிவப்பு. ஆக, போதகர்கள் அவர்களுக்குள்ளேயே ஏராளம். நம் நண்பரின் குடும்பம் அந்த நீண்ட வரிசையில் கடைசியில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

சரி, பணத்துக்கு வருவோம்.

கூட்டத்தில் ஒருவர் நேராகவே கேட்டார்: "டூராண்டில் அவ்வளவு பெரிய கேசினோ வைத்திருக்கிறார்களே, நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" நியாயமான கேள்விதான். கேசினோ பழங்குடி அரசாங்கத்துடையது. ஆஸ்பத்திரி, பள்ளி, முதியோர் உதவி என்று அதற்கு வேறு செலவுகள். இந்தச் சபை தன் கட்டடத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. இரண்டும் வேறு வேறு கணக்குப் புத்தகம். நம் சபைக் கூரை ஒழுகினால் டெக்சாஸ் கவர்னரா வந்து அடைப்பார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துரத்தப்பட்டு பதினைந்து பதினாறு வருடம்தான் ஆன நிலையில், 1847 மார்ச்சில் ஸ்கல்லிவில் என்ற ஊரில் சாக்டா மக்களும் மிஷனரிகளும் வியாபாரிகளும் கூடி, பஞ்சத்தில் கிடந்த அயர்லாந்துக்கு 170 டாலர் சேர்த்து அனுப்பினார்கள். பார்த்தேயிராத மனிதர்களுக்கு. அதற்கு நன்றியாக அயர்லாந்தின் மிடில்டன் ஊரில் ஒன்பது எஃகு இறகுகளைக் கிண்ணம் போல நிறுத்திவைத்திருக்கிறார்கள். அப்படிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் நாம் தர்மப்பிரபு மாதிரி போய் நிற்க வேண்டாம் என்பது கமிட்டியின் ஒருமனதான தீர்மானம். பலகையில் நம் பெயர் வராது, திறப்பு விழாவுக்கு ரிப்பனும் கிடையாது.

கொட்டகைக்கு மொத்தம் 38,500 டாலர் ஆகும். தரைத்தளம் இருக்கிறது, சுவர், கூரை, மின்சாரம், புகைபோக்கி, ஒரு பழைய ஹோட்டல் அடுப்பு ஆகியவற்றுக்கான மதிப்பீடு இது. சபையார் சனிக்கிழமை தோறும் இண்டியன் டாக்கோ விற்று 11,200 டாலர் சேர்த்துவிட்டார்கள். பொரித்த ரொட்டியின் மேல் பீன்ஸும் கறியும் போட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் மேசை போட்டு விற்றது. கோழி ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்து ரொட்டி பொரித்தவர்களை எங்கள் கண்ணால் பார்த்தோம். அவர்களுடைய சபைப் பிரிவு 6,000 டாலர் தருகிறது. நம் கமிட்டியும் கையிருப்பிலிருந்து 5,300 டாலர் ஒதுக்கிவிட்டது. மீதி 16,000. நம் 64 குடும்பங்களும் ஆளுக்கு 250 டாலர் போட்டால் முடிந்தது. ஹோச்சாடவுனில் ஒரு ராத்திரி கேபின் வாடகையை நினைத்துப் பாருங்கள். முடியாதவர்கள் 20 டாலர் கொடுத்தாலும் அதே ரசீதுதான், பெயர்ப் பட்டியலும் வாசிக்க மாட்டோம். வேலை பறிபோய் இருப்பவர்கள் தயவுசெய்து கொடுக்க வேண்டாம், உங்களுக்கே வேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

காசோலையோ ரொக்கமோ, ஆராதனை முடிந்ததும் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் எந்த லிங்க்கிலும் பணம் போடாதீர்கள், நாங்கள் லிங்க் அனுப்பவில்லை. மரம், தகரம் வாங்கிய பில்கள் ஒவ்வொரு மாதமும் அறிவிப்புப் பலகையில் இருக்கும். பணம் மிஞ்சினால் கீபோர்டு வாங்க மாட்டோம், அவர்களைக் கேட்டுத்தான் செய்வோம்.

பணத்தைவிட ஆளும் தேவை. அக்டோபரின் இரண்டாம் சனிக்கிழமை கூரை ஏற்றுகிறார்கள். காலை ஐந்தரைக்குச் சபை வாகன நிறுத்தத்திலிருந்து இரண்டு வேன் கிளம்பும், 22 இடம் இருக்கிறது. ஆணி கிடக்கும், ஷூ போட்டு வாருங்கள். நாங்கள் புளியோதரை கொண்டுவருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். மூத்த அம்மா சரி என்றார், கெட்டில் கழுவ இரண்டு பேரை முன்கூட்டியே பெயர் கொடுக்கச் சொன்னார். ஒரு பெயர் வந்துவிட்டது, இன்னும் ஒன்று வேண்டும்.

இப்படிக்கு,
கட்டுமான உதவிக் கமிட்டி