வணிகம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வணிகமும் முகாமைத்துவமும் கற்பிக்கும் மதிப்பிற்குரியோரே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கல்முனையில் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். நெல் ஆலைகள், மருதமுனைக் கைத்தறிக் கடைகள், ஹாட்வெயார் கடைகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். உங்களிடம் படித்த பிள்ளைகள் உள்ளகப் பயிற்சிக்கு எங்களிடம் வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். கடைக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைத் தாளில் கொடுத்தால் மளமளவென்று முடித்துவிடுவார்கள்.

அதே வேலையை எக்செலில் கொடுத்தால்தான் தடுமாற்றம். ஒரு பிள்ளை விற்பனைப் பட்டியலை அழகாக அடித்துவிட்டு, கூட்டுத்தொகையை மட்டும் கல்குலேட்டரில் பார்த்துக் கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தார். இடையில் ஒரு பில்லைத் திருத்தினோம், கூட்டுத்தொகை அப்படியே நின்றது. இன்னொருவர் வற் எனும் பெறுமதி சேர் வரியின் வீதத்தை ஒவ்வொரு வரியிலும் தனித்தனியே அடித்திருந்தார். 2022இல் 8 வீதமாக இருந்த அந்த வரி அதே வருடம் 12, பிறகு 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. வீதத்தை ஒரே கட்டத்தில் வைத்திருந்தால் அதை மாற்றினால் போதும், மிச்சத்தை எக்செல் பார்த்துக்கொள்ளும். இருவருமே தரம் 12இல் பொதுத் தகவல் தொழில்நுட்பம் படித்தவர்கள்தான். அது ஒரு பாடம், கணக்கீடு வேறு பாடம் என்றே அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது.

ஆட்களோடு பேசிப் பழகும் மென்திறனும் அப்படித்தான். மேடையில் நின்று பிரசன்டேசன் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு, அக்கரைப்பற்றில் இரண்டு மாதமாகக் காசு தராத கடைக்காரரோடு போனில் பேசத் தெரியவில்லை. “நானா, போன மாதத்து பில் இன்னும் நிக்குது, எப்ப வரலாம்?” என்று மரியாதையும் குறையாமல், விஷயத்தையும் விடாமல் கேட்க வேண்டும். கொழும்பிலிருந்து சிங்களத்தில் அழைப்பு வந்தால் போனை என்னிடம் நீட்டிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல் கோபமில்லை, பழக்கியிருந்தால் பேசியிருப்பார்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். இவற்றுக்கென்று புதிய பாடம் வேண்டாம். கணக்கீட்டு ஒப்படைக்குள்ளேயே வையுங்கள். கடன்பட்டோர் பட்டியலை எக்செலில் தயாரிக்கட்டும், யாருக்கு எத்தனை நாள் பாக்கி என்று பிரிக்கட்டும். அப்புறம் அதில் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதி, இன்னொருவரோடு உங்கள் முன்னாலேயே போனில் பேசிக் காட்டட்டும். கடன்காரராக நீங்களே நடியுங்கள், கொஞ்சம் சத்தமும் போடுங்கள். முக்கியமாக, அதற்குப் புள்ளி கொடுங்கள். புள்ளியில்லாத எதையும் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல.

பாடத்திட்டத்தை நினைத்தபடி மாற்ற முடியாது, கணினி அறையும் எல்லா இடத்திலும் போதாது. சரி, ஆனால் ஓர் ஒப்படையை மாற்ற உங்கள் மனமிருந்தால் போதும்.

பெயர்களை அழித்த உண்மையான பில்களும் வங்கிக் கூற்றுகளும் நான் தருகிறேன். வகுப்புக்கும் வருகிறேன், காசு வேண்டாம். வருமான வரி விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள், அதுவரை எங்களுக்குத் தலைக்குமேல் வேலை. டிசம்பரில் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கல்முனைக் கணக்காளர் ஒருவர்