பேத்தியின் ‘டயர்டர்’

மார்த்தாண்டம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே விடாத மழை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு நின்றுபோய், வெட்டுக்காரர்கள் பகலெல்லாம் டீக்கடையில்தான் இருக்கிறார்கள். எனக்குத்தான் ஓய்வில்லை. வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதும் நர்சுகள், குடையை மடக்கிக்கொண்டு மாலை வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் ‘இன்னும் களைப்பான’ என்று சொல்ல, ‘டயர்ட்’டோடு ‘இஆர்’ சேர்த்துப் பேத்தி எழுதிய ‘டயர்டர்’ என்ற சொல்லை டீச்சர் அடித்துவிட்டதாகக் கொதித்திருந்தாய். நியாயம் டீச்சர் பக்கம். ஆனாலும் குழந்தையைக் குறை சொல்ல மாட்டேன். ஒப்பிட்டுச் சொல்லும்போது, சொல் சிறியதென்றால் ‘இஆர்’, ‘இஎஸ்டி’; நீண்டால் ‘மோர்’, ‘மோஸ்ட்’ என்றுதானே நமக்கும் சொல்லித் தந்தார்கள்? ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலஸ்ட் என்று அசை எண்ணிப் பழகிய பிள்ளை வேறென்ன செய்யும்!

வினையிலிருந்து பிறந்த பெயரடைகளிடம் அந்தக் கணக்கு செல்லாது. டயர்ட், போர்ட், ப்ளீஸ்ட், ஷாக்ட் எல்லாம் எவ்வளவு குட்டையாக இருந்தாலும் மோர், மோஸ்ட்தான். ‘இடி’ என்று முடியாத லாஸ்ட், வோர்ன் ஆகியவையும் அப்படியே. போரிங், டயரிங் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் மட்டும் ‘வின்னிங்கஸ்ட்’ என்று ஒன்று உலவுகிறது. அது அவர்கள் பாடு.

நன்கு அறியப்பட்ட என்று பொருள்படும் ‘வெல் நோன்’ போன்ற கூட்டுச்சொல்தான் சுவையானது. அதில் ‘நோன்’ அசையாது. முன்னால் நிற்கும் ‘வெல்’தான் பெட்டர், பெஸ்ட் என்று மாறும். நம் 133 அடி வள்ளுவரைக் குமரியின் ‘பெஸ்ட் நோன்’ சிலை என்று எழுதச் சொன்னேன். ‘மோஸ்ட் வெல் நோன்’ என்றும் எழுதுகிறார்கள். தவறென்று அடிக்க முடியாது, எனக்குத்தான் பிடிப்பதில்லை.

இன்னொன்று. வினையின் எச்ச வடிவில் (பார்ட்டிசிபிள்) வந்த சொல்லெல்லாம் ஒப்பீட்டுக்கு வராது. ‘வெரி’ போட்டுப் பார்க்கச் சொல்வேன். ‘வெரி டயர்ட்’ பொருந்தும். முந்திரி தொழிலாளர்களால் வறுக்கப்பட்டது என்ற பொருளில் வரும் ‘ரோஸ்டட்’ முன்னால் அது ஒட்டாது. அங்கே அது இன்னும் வினைதான். ‘மேரீட்’ மோர் எடுக்குமா என்று ஒரு பெண் கேட்டாள். “எங்கள் மாமியாரைக் கேட்டால் எடுக்கும் என்பார்” என்றாள் பக்கத்தில் இருந்தவள். அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

விடுமுறைக்குப் பேத்தியை அழைத்து வா. மட்டிப்பழக் குலை ஒன்று தோட்டத்தில் முற்றிக்கொண்டிருக்கிறது. கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்களா? நான்கு பக்கம் இலக்கணம் பேசிவிட்டு அதை எழுத மறந்துவிட்டாயே.

அன்புடன்,
உன் நண்பன்