பிள்ளைகளின் முதல் வேலை: பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். மதிப்பெண்களைப் பற்றி வகுப்பாசிரியர்கள் உங்களிடம் பேசுவார்கள். நான் எழுத நினைத்தது வேறு விஷயம். பள்ளிப் படிப்பு முடிந்தபின் உங்கள் பிள்ளை முதன்முதலாக எந்த வேலைக்குப் போகப் போகிறது, எந்த வழியாகப் போகப் போகிறது என்பது பற்றி.

மற்ற ஊர்ப் பெற்றோருக்கு 'வேலை கிடைக்குமா' என்பதுதான் கவலை. திருப்பூரில் அது கேள்வியே இல்லை. எந்தத் தெருவில் நடந்தாலும் பனியன் கம்பெனி கேட்டில் 'டெய்லர் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை, கைமடி (தைப்பவருக்குத் துணி மடித்துக் கொடுப்பவர்) தேவை' என்று அட்டை தொங்குகிறது. பத்தாவது முடித்த பிள்ளை திங்கட்கிழமை உள்ளே போனால் சனிக்கிழமை சம்பளத்தோடு வெளியே வரும். தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும், இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இங்கே தலைநிமிர்ந்து நிற்பது இதனால்தான். உங்களில் பலர் அப்படி வந்தவர்கள். பனியன் கம்பெனி வேலையைத் தாழ்வாகச் சொல்ல நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நம் பள்ளிப் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் வேலை இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற ஊரில், யாரும் யோசிக்காமலே ஒரு பிள்ளையின் வாழ்க்கை முடிவாகிவிடுகிறது. 'லீவுல வீட்ல சும்மாதான இருக்கான், கம்பெனிக்குப் போகட்டுங்க டீச்சர்' என்று சொல்லித்தான் மே மாதம் அனுப்புகிறீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவன் வருவதில்லை. கையில் காசு பார்த்தாகிவிட்டது, வண்டிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, கூட்டாளிகள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் என்னைப் பார்க்க வரும்போது, 'அன்னைக்கே பாலிடெக்னிக் போயிருக்கலாங்க டீச்சர்' என்கிறான். அவன் அந்த வேலையைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. வேலைதான் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டது. என் கவலை இது ஒன்றுதான். உங்கள் பிள்ளை எந்த வேலைக்குப் போனாலும் சரி, தெரிந்து, விசாரித்து, தானே முடிவெடுத்துப் போக வேண்டும்.

2020 ஊரடங்கில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோதும் ஆர்டர்கள் நின்றன, ஷிப்ட் குறைந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது, ஒரே ஒரு வேலை மட்டும் தெரிந்த, கையில் எந்தச் சான்றிதழும் இல்லாத ஆள்தான். மெஷின் மெக்கானிக்கோ எலக்ட்ரீஷியனோ அப்படி நிற்பதில்லை. கோயம்புத்தூருக்கோ ஓசூருக்கோ போய் அடுத்த வேலையில் சேர்ந்துவிடுகிறார்.

இந்த வருஷம் பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தோம். வீட்டில் உழைக்கிற ஒருவரை உட்கார வைத்து, அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டு இரண்டு பக்கம் எழுதி வர வேண்டும். ஒரு மாணவி தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். அம்மா செக்கிங்கில், அதாவது தைத்த துணியில் குறை பார்க்கிற வேலையில் இருக்கிறார். எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, தையல் விட்ட இடம், ஒரே சட்டையில் உடம்புக்கும் கைக்கும் நிறம் மாறியிருப்பது என்று ஒரு பீஸில் அவர் பார்க்கிற குறைகளை எல்லாம் வரிசையாகக் கேட்டு எழுதியிருக்கிறாள். துணியைக் கையில் எடுத்ததுமே ஜி.எஸ்.எம். (துணியின் எடை அளவு) குறைகிறது என்று அம்மா சொல்லிவிடுவாராம். கடைசியில், 'இதற்குக் குவாலிட்டி கன்ட்ரோல் என்று தனிப் படிப்பு இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் இப்போதுதான் தெரியும்' என்று முடித்திருந்தாள். அந்தப் பக்கத்தை ஆசிரியர் அறையில் எல்லாரும் வாங்கிப் படித்தோம்.

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பனியன் கம்பெனி என்பது டெய்லர், ஓவர்லாக், கைமடி, பேக்கிங். அதே கட்டடத்தில் மாடியில் உட்கார்ந்து சரக்கு வாங்குகிற வெளிநாட்டு நிறுவனத்துக்கு மெயில் எழுதுகிற மெர்ச்சண்டைசர் இருக்கிறார். கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறவர் இருக்கிறார். சாம்பிள் துணியைத் துவைத்துச் சாயம் போகிறதா என்று சோதிக்கிற லேப் இருக்கிறது. சாயத் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் ஆறு மாசுபட்டதால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின், கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் நடத்த முடியும் என்று ஆனது. அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேதியியல் படித்தவர்களுக்கு இன்று வேலை இருக்கிறது. நம் பள்ளியில் வேதியியல் பாடத்தைச் சபித்துக்கொண்டே படிக்கிற பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

படிப்பு என்றால் இன்ஜினியரிங், நர்சிங், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். பத்தாவது முடித்தவர் மூன்று வருஷத்தில் பாலிடெக்னிக் டிப்ளமோ வாங்கலாம். பன்னிரண்டாவது முடித்துப் போனால் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரும் வழியும் உண்டு. அரசு தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் போன்ற பிரிவுகள் இருக்கின்றன. அங்கே படிக்கும்போதே அரசு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறது. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கப் போகிற பெண்களுக்குப் 'புதுமைப் பெண்', பையன்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடும் இருக்கிறது. இந்தப் பணம் கம்பெனிச் சம்பளத்துக்கு ஈடாகாதுதான். வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். இரண்டு மூன்று வருஷம் அந்தச் சம்பளம் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். முடியவே முடியாது என்றால் என்னிடம் வாருங்கள். சம்பளத்தோடு படிக்கிற அப்ரண்டிஸ் வழிகள் இருக்கின்றன, சேர்ந்து பார்க்கலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 'பன்னெண்டாவது போதும், பக்கத்துக் கம்பெனியில ரெண்டு வருஷம் இருக்கட்டும், அப்புறம் கல்யாணம் பண்ணிக்கலாம்' என்று முடிவு செய்து வைத்திருக்கிற வீடுகள் சில இருக்கின்றன. அந்த முடிவைப் பிள்ளையிடம் கேட்டு எடுத்தீர்களா? நம் பள்ளியில் நன்றாகப் படிக்கிறவர்களில் அதிகம் பேர் பெண்கள். கல்லூரி எவ்வளவு தூரம், எந்த பஸ், விடுதி எப்படி என்பதெல்லாம் நியாயமான பயம். அந்தப் பயத்தை எங்களிடம் சொல்லுங்கள். படித்து முடித்த பழைய மாணவிகளை உங்கள் வீட்டுக்கே அனுப்பிப் பேச வைக்கிறோம்.

லீவில் வேலைக்கு அனுப்புவது பற்றி: 14 வயது முடியாத பிள்ளையை எந்தக் கம்பெனிக்கும் அனுப்பக் கூடாது, சட்டம் அப்படி. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது, ராத்திரி வேலையோ ஓவர்டைமோ வாங்கக் கூடாது. 'ஃபுல் நைட் பார்த்தால் டபுள் சம்பளம்' என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரசாயனமும் கொதிநீரும் புழங்குகிற சாயப்பட்டறைக்கு எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள்.

இனி காகிதங்கள். அலுப்பான விஷயம்தான், ஆனால் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். நம் பழைய மாணவர் ஒருவர் கம்பெனி மாறும்போது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தை எடுக்கப் போனார். ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால், மதிப்பெண் சான்றிதழில் பின்னால், பிறந்த தேதியில் ஒரு வருஷ வித்தியாசம். தன் சொந்தப் பணத்துக்காக வேலைக்கு லீவு போட்டு லீவு போட்டு மாதக்கணக்கில் அலைந்தார். ஆதார், பள்ளிப் பதிவேடு, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்து வைத்துப் பாருங்கள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன்னால் பள்ளியில் திருத்துவது சுலபம். சான்றிதழ் அச்சாகி வந்தபின் பெரிய அலைச்சல்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் மூன்றையும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து விடுங்கள். ரேஷன் கார்டு இன்னும் சொந்த ஊர் முகவரியில் இருக்கிற குடும்பங்களுக்கு இதில் நாள் பிடிக்கும். கல்லூரி விண்ணப்பம் தொடங்கிய பிறகு ஊருக்கு ஓடினால் நேரம் போதாது.

வேலைக்குச் சேரும்போது பிள்ளை வாய் திறந்து கேட்க வேண்டிய சில கேள்விகளை வகுப்பில் சொல்லிப் பழக்குகிறோம். சம்பளம் மாதக் கணக்கா, ஷிப்ட் கணக்கா, பீஸ் ரேட்டா? சம்பளச் சீட்டு உண்டா? ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப். பிடிக்கிறார்களா? ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம்தான், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டுகிறது. பி.எஃப்.புக்கு நம்மிடம் 12 சதவீதம் பிடித்தால் நிர்வாகமும் 12 சதவீதம் போட வேண்டும். 'பிடித்தம் வேண்டாங்க, முழுசாக் கையில கொடுங்க' என்று நாமே கேட்டு வாங்குகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. விரல் ஊசியில் மாட்டினாலும், பிரசவம் வந்தாலும், வயதான காலத்திலும் நிற்பதற்கு அந்தப் பிடித்தம்தான் துணை. இதை உங்கள் பிள்ளைக்கு நீங்களே சொன்னால் நாங்கள் சொல்வதைவிட நன்றாக ஏறும்.

அசல் சான்றிதழை எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்க வேண்டாம். காட்டலாம், நகல் கொடுக்கலாம், அவ்வளவுதான். வேலை தருகிறேன் என்று முதலில் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அது ஏமாற்று. வீட்டிலிருந்தே தினம் ஆயிரம் சம்பாதிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வருவதும் அப்படித்தான். பணம் போய்விட்டால் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், மெக்கானிக், டிரைவர், சமையல்காரர், பேக்கரி வைத்திருப்பவர் என்று நம் பள்ளிப் பெற்றோரிடம் இருக்கிற அனுபவம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. வகுப்புக்கு வந்து அரை மணி நேரம் உங்கள் வேலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுங்கள். எப்படிக் கற்றுக்கொண்டீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு, எந்த வேலையை ஏன் விட்டீர்கள், மேலதிகாரி கோபமாகப் பேசும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். மேடைப் பேச்சு தேவையில்லை, வீட்டில் பேசுவது போலப் பேசினால் போதும்.

சனிக்கிழமை சம்பள நாள் என்பதால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவோடு சேர்ந்து கூட்டம் வைத்திருக்கிறோம். ஐ.டி.ஐ.யிலிருந்தும் பாலிடெக்னிக்கிலிருந்தும் ஆசிரியர்கள் வருகிறார்கள். அம்மா, அப்பா இருவரில் ஒருவராவது பிள்ளையோடு வாருங்கள். பிள்ளையின் ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு மூன்றையும் எடுத்து வாருங்கள். பெயர்ப் பொருத்தத்தை அங்கேயே பார்த்துவிடலாம். அன்று ஷிப்ட் இருந்து வர முடியாதவர்கள் ஒரு சீட்டில் உங்களுக்குத் தோதான நேரத்தை எழுதிப் பிள்ளையிடம் கொடுத்து விடுங்கள். மாலை ஏழு மணி என்றாலும் நான் பள்ளியில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்