ஹிசிங்கன் புளூஸ்: அப்பாவின் திருத்தம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வகுப்புக்குப் போக நாள்தோறும் படகில் ஆற்றைக் கடந்து லிண்ட்ஹோல்மனில் இறங்குவதாகவும், அந்தக் கரை ஹிசிங்கன் என்ற தீவைச் சேர்ந்தது என்றும் எழுதியிருந்தாய். படித்த கையோடு எழுந்துபோய் அலமாரியின் அடித்தட்டைத் துழாவினேன். நீ இப்போது வாழும் சுவீடனின் கோதன்பர்க் நகரைச் சேர்ந்த கிரேவ்யார்டு என்ற ராக் குழு 2011இல் வெளியிட்ட ‘ஹிசிங்கன் புளூஸ்’ இசைத்தட்டு அங்கேதான் இருந்தது. உறைக்குள் நான் பென்சிலால் எழுதிச் செருகிய துண்டுத்தாளும் இருந்தது: “நன்றாக வாசிக்கிறார்கள். ஆனால் எல்லாம் 1970இலேயே வந்துவிட்டவை.” இந்த வாரம் நான்கு முறை முழுவதுமாகக் கேட்டேன். அன்று அவசரப்பட்டுவிட்டேன் என்பதை உன்னிடம் சொல்லத் தோன்றியது.

அன்று என் காதில் பிளாக் சப்பாத்தும் லெட் செப்பலினும், அதாவது 1970களின் ஆங்கிலேயக் கன ராக் குழுக்கள் மட்டுமே விழுந்தன. பழைய ஒலிக்கு மவுசு கூடியதைப் பார்த்து இறங்கிய பையன்கள் என்றே எண்ணினேன். ஆனால் பாடகர் யோவாக்கிம் நில்சனும் பேஸ் கிடார் வாசித்த ரிக்கார்டு எட்லண்டும், 1990களிலேயே ஓரெப்ரோ ஊரின் நோர்ஷேன் குழுவில் இந்த வழியில் வாசித்தவர்கள். 2000இல் அது கலைந்தபின் அதன் இன்னொரு கிளையாக விட்ச்கிராஃப்ட் என்ற குழு வளர்ந்தது. அதற்கும் முன்பே, 1970இல், நவம்பர் என்ற குழு கனத்த ராக் இசையைச் சுவீடிஷ் மொழியில் பாடிப் பதிவு செய்திருந்தது. ஆகவே இவர்கள் கையாண்டது சொந்த மண்ணிலும் வேர்விட்டிருந்த ஒரு வடிவத்தை. இன்று ஒருவர் வெண்பா எழுதினால் அதை நகல் என்றா சொல்கிறோம்?

‘அன்கம்ஃபர்டபிளி நம்ப்’ பாடலைக் கவனித்துக் கேட்டபோதுதான் என் மனம் முழுதாக மாறியது. கிடார் நிதானமாக, அதிகம் கரகரக்காமல் ஒலிக்க, பிரிவைச் சொல்லும் நில்சனின் குரல் மேலே ஏறும்போது சற்றே பிசிறடிக்கிறது. அந்தப் பிசிறை வழித்தெடுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஆக்செல் ஹோபெரியின் டிரம்ஸ் முரட்டுத்தனமாக மோதாமல், ஜாஸ் கலைஞருக்குரிய துள்ளலோடு பாட்டைத் தாங்குகிறது. முடிவில் எல்லோரும் ஒன்றாக வேகமெடுக்கும்போது, நான்கு பேர் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பது போலவே இருக்கிறது. இத்தனை ஆண்டு இதை அடித்தட்டில் போட்டு வைத்திருந்தேனே என்று வருத்தமாக இருந்தது.

எல்லாவற்றையும் மெச்சவில்லை. ‘ஆர்எஸ்எஸ்’ என்ற பாடல் (நம் ஊர் அமைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை) இப்போதும் மனத்தில் ஒட்டவில்லை. பழைய பெயர்களைத் திருப்பிப் போட்டுத் தலைப்பு வைப்பதும் (பிங்க் ஃப்ளாய்டு குழுவின் ‘கம்ஃபர்டபிளி நம்ப்’ இங்கே ‘அன்கம்ஃபர்டபிளி நம்ப்’ ஆனதுபோல) எனக்கு உவப்பாக இல்லை.

நீ இறங்கும் கரையில் ஒருகாலத்தில் கப்பல் கட்டும் தளங்கள் வரிசையாக இருந்தன. 1970களின் நெருக்கடியில் அவை ஒவ்வொன்றாக வீழ்ந்தன. எரிக்ஸ்பர்க் தளத்தின் பெரிய கிரேன் மட்டும் இன்னும் நிற்கிறது. இந்தப் பாடல்கள் அவற்றைப் பற்றியவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும், அந்தப் பத்தாண்டின் ஒலியைக் கையில் எடுத்தவர்கள் அந்தத் தீவின் பெயரையே தட்டுக்குச் சூட்டியிருப்பது, உன் கடிதத்துக்குப் பிறகு எனக்கு வேறு கனத்தோடு கேட்கிறது.

சொற்களே இல்லாத ‘லாங்கிங்’ ஓடியபோது, அதில் வரும் சீட்டியொலியைக் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து வந்து, முடியும்வரை வாசலில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

நாளை படகில் ஏறியதும் கடைசிப் பாடலான ‘தி சைரனை’ ஒலிக்க விடு. மிக மெதுவாகத் தொடங்கும், பொறுத்துக் கேள். அது முடியும் முன்பே கரை வந்துவிடும். இறங்கி நடந்தபடி மீதியைக் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா