டெல்லி போறவங்க கவனத்துக்கு: லோதி கார்டன் காலை நடை

வணக்கம். லோதி கார்டன், பழைய கல்லறைகள் இருக்குற டெல்லி பூங்கா. புது டெல்லி ஸ்டேஷன்ல மஞ்சள் லைன் மெட்ரோ ஏறி ஜோர் பாக்ல இறங்குங்க, அங்கிருந்து நடக்குற தூரம்தான். ஏற்காடு அண்ணா பூங்கா மாதிரி டிக்கெட் கவுண்டரைத் தேடாதீங்க, நுழைவு இலவசம். ஜனவரில நம்ம மலை ஸ்வெட்டர் ஒண்ணு மட்டும் பத்தாது. விடியக்காலைல பனிமூட்டத்துல குவிமாடமே தெரியாது, வெயில் வந்தப்புறம் போங்க.

சுமார் 90 ஏக்கர். டெல்லி சுல்தான்கள் ரெண்டு பேரோட எண்கோணக் கல்லறையைத்தான் எல்லாரும் குழப்பிக்குவாங்க. குவிமாடத்தைச் சுத்திக் குட்டி மண்டபங்கள் இருந்தா முகமது ஷா சையித். அது இல்லாம, சுத்தி மதில் இருந்தா சிக்கந்தர் லோதி (இறப்பு 1517). பக்கத்துலயே அக்பர் கால அட்பூலா பாலம், 8 தூண், 7 வளைவு.

படா கும்பட்ங்கிற குவிமாடக் கட்டடத்துல சமாதியைத் தேட வேண்டாம், உள்ளே கல்லறையே கிடையாது. எதிர்ல இருக்குற ஷீஷ் கும்பட்தான் நின்னு பாக்க வேண்டியது. வெளியே ரெண்டு மாடி மாதிரி தெரியும், உள்ளே ஒரே கூடம். நுழைஞ்சதும் இருட்டா இருக்குன்னு திரும்பிடாதீங்க. ஒரு நிமிஷம் கண்ணு பழகினா கூரையோட சுதை வேலைப்பாடு தெரியும். வெளிச்சுவர்ல நீல ஓடு கொஞ்சம்தான் மிச்சம், தொடாதீங்க.

புல்வெளியும் பாதையும் 1936ல இந்தப் பூங்காவை லேடி வில்லிங்டன் பார்க்ங்கிற பேர்ல திறந்தப்போ வந்த வேலை. இங்க இருந்த கிராமத்தையே காலி பண்ணித்தான் போட்டாங்க. தண்ணி பாட்டில் அவசியம்.